ஒரு காலித் தோட்டாவும் டாலா மணியும்

என் வீட்டுக்காரர் முழங்காலை மாற்றிக்கொண்டார். அதனால்தான் யாங்கோனுக்கு நான் போக வேண்டியதாயிற்று. எண்பது வயதுத் துப்பாக்கிக்கு நான் புதுக் குழலும் டெலஸ்கோப்பும் போட்டபோது, "கிழட்டுக் கட்டைக்கு எதுக்கு இத்தனை அலங்காரம்?" என்று பிரிஸ்பேன் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் அவர். இப்போது அவருடைய அறுபத்திரண்டு வயதுக் காலுக்குள் டைட்டானியம் போட்டிருக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. பதிலுக்கு எனக்கு ஒரு பயணம் கிடைத்தது.

வேலை சின்னதுதான். அவருடைய குடும்பம் ஒரு காலத்தில் யாங்கோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியது. பாதிப்பேர் கப்பலேறித் திருச்சி பர்மா காலனிக்கு வந்துவிட்டார்கள். மீதிப்பேர் அங்கேயே இருந்துவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், அவர்கள் எழுப்பிய சின்ன மாரியம்மன் கோயிலுக்கு இப்போது புது மணி வார்க்கிறார்கள். அம்மனுக்கு ஒரு பட்டுப்புடவை, வார்ப்பில் உருக்கிப் போட எங்கள் வீட்டுப் பங்காக ஒரு பித்தளைச் செம்பு. இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் யார், என்ன செய்கிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டாளங்கள் வேண்டாமென்று கழித்துப் போட்ட பழைய 303 துப்பாக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. லைசென்சோடு, இரும்புப் பெட்டிக்குள். அதன் உடம்பில் புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடாமல், பழைய திருகாணி இருந்த இடத்திலேயே பிடித்து நிற்கும்படி டெலஸ்கோப் மாட்டியிருக்கிறேன். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ரெசின் ஊற்றி ஆட்டத்தை நிறுத்தியாயிற்று. கன்னம் வைக்க ஒரு மெத்தை, தோள் வலிக்காமல் இருக்க ஒரு ரப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தாளில் ஓட்டை போடுவேன். வேறு எதையும் சுட்டதில்லை. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட ஆளைக் கூப்பிடுகிறவள்தான்.

எங்கள் கிளப்பில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. பழசை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், என்னைப் போன்ற பாவிகள் மறுபக்கம். "பட்டுப்புடவைக்கு மேல ரெயின்கோட் மாட்டின மாதிரி இருக்கு" என்று என் துப்பாக்கியைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன், மற்றவர்கள் சொல்லுமுன். ஆனால் மழை வந்தால் யார் நனைகிறார்கள் என்பது ஸ்கோர் பலகையில் தெரிந்துவிடும்.

அந்தத் தூரத்துக்குக் குண்டு போய்ச் சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று அதை ஓர் ஆள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆகவே எங்களுக்குக் குலதெய்வம் காற்று. கொடி எப்படி ஆடுகிறது, புல் எந்தப் பக்கம் சாய்கிறது, கானல் எப்படி ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும். இன்னொரு பழக்கமும் உண்டு. சுட்டபின் விழுகிற காலித் தோட்டாவை நாங்கள் எறிவதில்லை. அது நல்ல பித்தளை. பொறுக்கி, கழுவி, வாயைச் சீவி, எடை பார்த்து, மறுபடி மருந்து நிரப்புவோம். கீழே ஒன்று கிடந்தால் கை தானாகப் போய் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும். கல்யாண வீட்டில் சிலருக்கு வெற்றிலைப் பாக்கைக் கண்டால் அப்படித்தான்.

இதையெல்லாம் தமிழில் பேசி வீடியோவாகவும் போடுகிறேன். பார்ப்பவர்கள் சொற்பம். அதில் விடாமல் கேள்வி கேட்கும் ஒருவர் யாங்கோனில் டாக்ஸி ஓட்டுகிறார் என்பதும், அவர் என் சொந்தக் கொழுந்தன் என்பதும் விமான நிலைய வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சேகர். அக்கம்பக்கத்தில் பர்மிய மரியாதையோடு, அண்ணன் என்கிற மாதிரி, கோ சேகர் என்பார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு வந்து என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "வாங்க அண்ணி, பிளேன்ல சாப்பாடு போட்டானா, அண்ணன் கால் எப்படி இருக்கு" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, காரின் கதவைச் சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, ரெசின் ஊத்துறப்போ குழலோட முனையை மரத்துல படாம விட்டுட்டீங்களே. 303-க்கு முனையில கொஞ்சம் தாங்கல் இருந்தாத்தான் நேராப் போகும்ங்கிறாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியால் எங்கள் கிளப்பில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது. பதில் சொல்ல வாயெடுத்தேன். முன்சீட்டில் இருந்த அவர் மனைவி மா டின் திரும்பி, கணவரின் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மா டின் பர்மாக்காரி. தமிழ் முழுக்கப் புரியும், பேசும்போது மட்டும் எண்ணி எண்ணித்தான் வார்த்தைகளை எடுத்துக் கொடுப்பாள்.

"அண்ணி, வீட்டுக்குள்ள துப்பாக்கி பேசலாம். வெளிய பேசக் கூடாது. கார் வெளிய."

காரணம் சொல்லத் தேவையில்லை. ஊரின் நிலைமை எனக்கும் தெரியும். சாலையில் நிறுத்துவார்கள், பையைத் திறக்கச் சொல்வார்கள், போனைக் கேட்பார்கள். சேகர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காலையில் வண்டி எடுக்குமுன் எல்லாவற்றையும் அழித்துவிடுவாராம். தினமும் சேர்ந்து தினமும் விலகிப்போகிற ரசிகர் என் ஒருத்திக்குத்தான் இருப்பார்.

யாங்கோனில் கார்கள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. பல கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முந்திப் போக வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மா டின் தலையை நீட்டி, "போ", "போகாத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். குடும்பமும் இப்படித்தான் ஓடுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வீடு தாகேதாவில், பஸுண்டவுங் கால்வாயைத் தாண்டி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மூங்கில் தட்டிதான். பக்கத்து வீட்டில் பூண்டு வதக்கினால் இங்கே தும்மல் வரும். ராத்திரி மா டின் லபெட் தோக் பரிமாறினாள். ஊறவைத்த தேயிலையில் வறுத்த கடலை, எள், பச்சைமிளகாய் போட்டுப் பிசைந்தது. தேயிலையை வடிகட்டித் தூரப்போட்டு வளர்ந்தவள் நான். முதல் வாய் சந்தேகமாக இருந்தது. தட்டு காலியான பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் வந்தது வினை.

பல் துலக்க பிரஷ் தேடினேன். பையைக் கட்டியது என் வீட்டுக்காரர். நிறைய அறைகள் இருக்கின்றன என்று, நான் சுடப் போகும்போது கொண்டுபோகிற பையையே காலி செய்து, துணி, மருந்து எல்லாம் அதில் அடுக்கிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். உதறிப் பார்த்தேன் என்று புறப்படும்போதே சத்தியம் செய்திருந்தார். உதறத்தான் செய்திருப்பார். ஆனால் உள்தையல் பிரிந்து, துணிக்கும் துணிக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அங்கே விரலில் குளிர்ந்து தட்டியது ஒரு 303 காலித் தோட்டா. பளபளவென்று, நானே கழுவி, நானே வாய் சீவியது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெறும் பித்தளைக் கூடுதான், மருந்தில்லை, குண்டில்லை, ஒரு எறும்பைக்கூடச் சாகடிக்காது. அதை இந்த ஊரில் யாரிடம் போய் விளக்குவது? எனக்கு ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட். திட்டி, விசாரித்து, விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இந்த வீட்டில் இருப்பவர்களை எங்கே ஏற்றுவார்கள்?

சேகர் பார்த்தார். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணி, இதுதான் அந்த மழைநாள் வீடியோவுல சுட்டதா?" என்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயில் பிரசாதம் தோற்றது.

மா டின் கரண்டியோடு வந்தாள். பார்த்தாள். எண்ணி எண்ணிப் பேசுகிறவளுக்குத் தமிழ் சுத்தமாக நின்றுவிட்டது. பர்மியத்தில் கணவரிடம் சொன்னதைச் சேகர் பிறகு எனக்கு மொழிபெயர்த்தார்: "மொஹிங்கா ஆறுவதற்குள் இது இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும்."

அம்மியில் வைத்து நசுக்கலாமா என்று கேட்டேன். மா டின் மூங்கில் தட்டியைக் கண்ணால் காட்டினாள். விடிகாலையில் அம்மியில் இரும்படிக்கிற சத்தம் எந்த வீட்டில் கேட்டால்தான் சந்தேகம் வராது? வண்டியில் போகிற வழியில் கால்வாயில் எறிந்துவிடுகிறேன் என்று சேகர் பொறுப்பேற்றார். எனக்கோ அப்போதும் புத்தி வரவில்லை. "இன்னும் ஐந்தாறு தடவை தாங்கும், நல்ல கூடு" என்று வாய்விட்டே சொன்னேன். மா டின் என்னைப் பார்த்த பார்வையில் மொஹிங்கா ஆறிவிட்டது.

மொஹிங்கா என்பது மீன் குழம்பில் அரிசிச் சேமியா மிதப்பது. வாழைத்தண்டு போட்டு, கடலைப் பருப்பு வடையை உடைத்து மேலே தூவுவார்கள். காலையில் மீனா என்று முகம் சுளிக்கிறவர்கள் அந்த வாசனையைத் தாண்டிப் போய்க் காட்டட்டும். பயத்திலும் இரண்டாவது கிண்ணம் கேட்டேன்.

சேகர் வண்டி கழுவி, கால்வாய்ப் பக்கம் போய்விட்டு வந்து, "யாபாதே, யாபாதே" என்றார். ஆயிற்று, பரவாயில்லை என்பதற்கெல்லாம் அவர்களுக்கு அந்த ஒரு சொல். மா டினை வீட்டில் விட்டுவிட்டு, நானும் அவரும் நிம்மதியாகக் க்யிம்யிண்டைங் சந்தைக்குப் புறப்பட்டோம். மறுநாள் கோயிலுக்குப் பூவும் தேங்காயும் வாழைத்தாரும் வேண்டும்.

ஆற்றங்கரைச் சந்தை. படகிலிருந்து வாழைத்தார்கள் தோளுக்குத் தோள் மாறிக் கரையேறின. பூக்காரி ஒருத்தி நெற்றியில் பொட்டு, கன்னத்தில் பர்மாக்காரிகள் பூசும் தனக்கா மரச்சாந்து இரண்டோடும் உட்கார்ந்திருந்தாள். நான் தமிழில் விலை கேட்டேன். அவள் தமிழைப் புரிந்துகொண்டு பர்மியத்தில் பதில் சொன்னாள். நான் புரிந்துகொள்ளாமலே பேரம் பேசினேன். கடைசியில் அவள் ஒரு முழம் கூடுதலாக அளந்து கொடுத்துவிட்டுச் சிரித்தாள். கோயம்பேட்டில் இது நடக்காது.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமில்லை, பூவும் தேங்காயும்தானே இருக்கிறது. சேகரைப் பார்த்தேன். கழுத்து முழுக்க வியர்வை. ஏசி என் பக்கம்தான் வீசுகிறது போலும் என்று முன்னால் கையை நீட்டி அவர் பக்கம் திருப்பிவிட்டேன். சீருடைக்காரர் குனிந்து பார்த்தார். பின்சீட்டில் வாழைத்தாரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். தேங்காய்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். பிறகு கையசைத்தார்.

பாலம் தாண்டியதும் சேகர் வண்டியை ஓரங்கட்டி, தலையை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டார். "அண்ணி, மா டின்கிட்ட சொல்லிராதீங்க." கியருக்குப் பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள், பாக்குக்கு அடியில், என் தோட்டா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏய்யா, உனக்கு மூளை இருக்கா? குடும்பம் இருக்கிற ஆளு!" என்று கத்தினேன். ரோட்டோரத்தில் ஒரு தமிழ்ப் பொம்பளை டாக்ஸிக்காரரைத் திட்டுவதை நின்று பார்த்தவர்கள், வாடகைத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

"ஒங்க வீடியோவெல்லாம் ராவுக்கு ராவு பார்க்கிறேன், காலையில அழிச்சிர்றேன். கையில புடிக்க ஒண்ணாச்சும் வச்சுக்கலாம்னு ஆசைப்பட்டேன் அண்ணி" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தும் திட்டுகிற அளவுக்கு நான் கல்லில்லை. ஆனால் தோட்டாவைப் பிடுங்கி என் இடுப்புப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். இனி இது என் வேலை. எண்ணூறு மீட்டரில் தாளைத் துளைக்கிறவளுக்கு, ஓர் ஆற்றுக்குள் ஒரு பித்தளைத் துண்டைப் போடத் தெரியாதா?

மறுநாள் காலை நாங்கள் மூன்று பேரும் டாலா படகில் ஏறினோம். மணி வார்க்கும் நாள். இரண்டு தட்டுப் படகு. மேல்தட்டில் பிளாஸ்டிக் முக்காலிகள். காடை முட்டை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், சூரியகாந்தி விதை என்று ஆளுக்கு ஒரு தட்டோடு விற்கிறார்கள். கடற்காகங்கள் படகோடு கூடவே பறந்து வருகின்றன. ஜனங்கள் பொரித்த தின்பண்டத்தை வாங்கி அவற்றுக்கு வீசுகிறார்கள். எனக்கு வேண்டியது இதுதான். நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன். பாதியைப் பறவைக்குப் போட்டேன். மீதியின் நடுவே தோட்டாவைச் செருகிக் காகிதத்தை முறுக்கிக்கொண்டேன். நடு ஆற்றுக்கு வந்ததும் எழுந்தேன்.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. காற்றைப் பார்த்துத்தானே எறிய வேண்டும்? படகின் முகப்பில், இரு பக்கமும் தகரத் தடுப்புக்கு நடுவே, ஒரு கொடி. பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நேராக, நன்றாக விறைத்துப் பறந்தது. ஆக, காற்று முன்னாலிருந்து. பக்கக் காற்று இல்லை. இடப்பக்கம் வாகாக வீசினால் நேரே தண்ணீர்தான். மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, வீசினேன்.

ஓடுகிற படகில் கொடி காட்டுவது ஊரின் காற்றையா, படகின் ஓட்டத்தையா? பதினோரு வருஷமாகத் தரையில் படுத்துக் கொடி பார்த்தவளுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. உண்மையான காற்று, அந்தத் தகரத் தடுப்புக்கு வெளியே, இடப்பக்கத்திலிருந்து பலமாக வீசிக்கொண்டிருந்தது. பொட்டலம் கொஞ்ச தூரம் போய், யோசித்து, திரும்பி வந்து, கீழ்த்தட்டின் ஓரத்தில் சொத்தென்று விழுந்தது. கடற்காகங்கள்கூட என்னைக் கேலியாகப் பார்த்தன.

மாங்காய்க்காரி ஒருத்தி தட்டைத் தலையில் வைத்தபடி மாடிப்படி ஏறி வந்தாள். பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் சொன்னதை மா டின், காகிதக் கிழிசலில் மின்னிய பித்தளையைப் பார்த்து வெளிறிப்போய், எனக்குத் தமிழில் சொன்னாள்: "அக்கா, உங்க சாமான் விழுந்திருச்சு. பிரிச்சுப் பார்க்கல."

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? மறுபடி எறிந்தால் மறுபடி கொண்டுவந்து கொடுப்பாள், அவ்வளவு நல்ல மனுஷி. ரகசியம் உடைந்துவிட்டது. சேகர் தன் கதையையும் அங்கேயே ஒப்புக்கொண்டார். மா டின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பொட்டலத்தை வாங்கி, தோட்டாவை எடுத்து, என் மடியிலிருந்த பித்தளைச் செம்புக்குள் போட்டாள். மேலே சாமந்திப் பூவை அமுக்கித் திணித்தாள்.

"இன்னைக்கு உருக்குவாங்க. உருகினா யாருக்குத் தெரியும்?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் டாலாவில் பிறந்தவள். அவர்கள் பகோடாவில் மணி வார்க்கும்போது ஜனங்களே வரிசையாகப் போய்ச் செம்பையும் வளையலையும் கையால் உலைக்குள் போடுவார்களாம். இங்கேயும் அப்படித்தானே இருக்கும் என்று மூன்று பேருமே நினைத்தோம்.

கரையிலிருந்து ஸைக்காவில் போனோம். சைக்கிளின் பக்கவாட்டில் இரண்டு இருக்கையை முதுகுக்கு முதுகு ஒட்டவைத்த வண்டி. எனக்குப் பின்னால் பார்க்கிற இருக்கை. எங்கே போகிறோம் என்று தெரியாது, எங்கிருந்து வந்தோம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி நான் சரிந்தேன். செம்பை மட்டும் விடவில்லை. சேற்றில் ஒரு முழங்கையோடு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சின்னக் கோயில், தகரக் கூரை. வாசலில் பள்ளம் வெட்டி உலை எரிந்துகொண்டிருந்தது. மாண்டலேயிலிருந்து வந்த வார்ப்புக்காரர் ஊ மியின் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, நாற்காலியில், வெள்ளைச் சட்டை போட்ட வார்டு அதிகாரி, சிறப்பு விருந்தினர். நடுவில் ஒரு பாய். அந்தப் பாயைப் பார்த்ததும் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முன்பொரு ஊரில் பித்தளை முலாம் பூசிய இரும்பை யாரோ போட்டுவிட்டு மணி விரிசல் விட்டுப்போயிற்றாம். அதனால் ஊ மியின் எதையும் நேரே உலையில் போட விடுவதில்லை. கொண்டுவந்ததைப் பாயில் கவிழ்க்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, காந்தத்தை வைத்துப் பார்த்து, எல்லாரும் பார்க்க உலைக்குள் விடுவார்.

பின்னால் போய்விடலாம் என்று திரும்பினேன். "வெளிநாட்டிலிருந்து வந்த அம்மா முதல்ல வரட்டும்" என்று கோயில் தலைவர் வழிவிட்டார். கூட்டம் அன்பாக என்னை முன்னால் தள்ளியது. யாரோ செம்பைக் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்தார்கள். சாமந்தி விழுந்தது. அப்புறம் கணீரென்று அது விழுந்தது.

பாயில் ஏற்கெனவே ஒரு குவியல் இருந்தது. தட்டு, தாழ்ப்பாள், குழாய், பழைய விளக்கு. அதற்குள் பாசி பிடித்த பச்சை நிறத்தில் இரண்டு பழைய தோட்டாக் கூடுகளும் கிடந்தன. ஊ மியின் அவற்றை எடுத்து, "டாலா வயல்ல எப்பவும் கிடைக்கிறதுதானே" என்று சொல்லியபடியே உலைக்குள் விட்டார். பழைய யுத்தத்துச் சரக்கு. யாரும் கண்ணிமைக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. பிறகு அவர் கை என்னுடையதை எடுத்தது. பச்சையில்லை, பாசியில்லை. வெயிலில் மின்னியது.

"இது புதுசு" என்றார்.

வார்டு அதிகாரி நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "யாருடையது?"

என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மா டின் என் பாதத்தின் மேல் ஏறி நின்றாள், முழு எடையோடு. ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"என்னுது" என்று பர்மியத்தில் சொன்னாள். அவ்வளவு பர்மியம் எனக்கே புரிந்தது. மீதியைச் சேகர் காதில் சொன்னார்: "வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைக்கிற கூடு. சாமிக்குக் கொடுக்கப் புளி போட்டுத் தேய்ச்சேன்."

ஊ மியின் அதன் வாய்க்குள் பார்த்தார். "சுண்ணாம்பு எங்கே?"

"சாமிக்குச் சுண்ணாம்போடயா கொடுப்பாங்க? எங்க வீட்டுல கழுவித்தான் கொடுப்போம். உங்க வீட்டுல எப்படியோ!"

கூட்டத்தில் ஒரு கிழவி குலுங்கிச் சிரித்தாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டாலா முழுக்கச் சிரித்தது. "டின் புளியை வீணாக்குவதில் கெட்டிக்காரி" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். "நானே பார்த்திருக்கேன், அந்தக் கூட்டை இடுப்புலயே செருகிக்கிட்டுத் திரிவாளே" என்றது இன்னொரு குரல். வார்டு அதிகாரியும் சிரித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஊ மியின் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டின் அடிப்பாகத்தைத் திருப்பினார். அங்கே வட்டமாக ஆங்கில எழுத்துகள் இருக்கும். இந்தக் காலத்து எழுத்துகள். அவர் வாசித்தார். சேற்று முழங்கையோடு நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு இடுக்கியில் பிடித்து, உலைக்குள் இறக்கினார்.

"நல்ல பித்தளை" என்றார். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. என்ன ஜென்மமோ!

வார்ப்பு முடிந்து, அம்மனுக்குப் புடவை சாத்தி, சர்க்கரைப் பொங்கலும் ஊறுகாய்த் தேயிலையும் ஒரே இலையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மாலையாகிவிட்டது. மா டினைப் பார்க்க வந்தவர்கள் கையில் முருங்கைக்காய், வெல்லம் என்று திணித்து அனுப்பினார்கள். படகில் ஏறி முக்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவள் முழங்கால்கள் தடதடவென்று ஆடுவதைப் பார்த்தேன். இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்தேன்.

"நான்தான் சொல்ல வந்தேனே, ஏன் மிதிச்சே?" என்றேன். "என்னை என்ன செஞ்சிருவாங்க? ஊருக்கு அனுப்புவாங்க."

அவள் எண்ணி எண்ணிச் சொன்னாள். "நீங்க சொன்னா, அடுத்த கேள்வி, யார் வீட்டுல தங்கியிருக்கீங்க. அப்புறம் இவரு. அப்புறம் இவரு போனு. என் சுண்ணாம்புன்னா, கேள்வி என்கிட்டயே நின்னுரும்."

சேகர் முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். அவர் அழுகிறார் என்று தெரிந்தது. நானும் வெட்கப்படாமல் அழுதேன். உலகத்திலேயே கை நடுங்காதவள் நான்தான் என்று ஆறு வீடியோவில் சொல்லியிருக்கிறேன். இந்தப் பெண்ணின் கால்தூசுக்கு நான் ஆக மாட்டேன்.

எங்களைப் பார்த்து மா டினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் கொஞ்சமாக, பிறகு அடக்க முடியாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வாய் விட்டுச் சிரித்தாள். சாயங்கால வெயில் நேரே அவள் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய பற்கள் பச்சரிசி மாதிரி வெள்ளையாக இருந்தன. வெற்றிலைக் கறை ஒரு பொட்டு இல்லை.

"நீ வெற்றிலை போடுவியா?" என்று கேட்டேன்.

"சீ, ஒரு நாளும் இல்ல" என்றாள். "டாலாவுல எல்லாருக்கும் தெரியும்."